கோணல் கோட்டுக்குக் கையைக் குறை சொல்லாதீர்கள்

ஸ்க்ரோல் சா பற்றிப் பேச்செடுத்தால் பலரும் உடனே சொல்வது, “அதுக்கெல்லாம் கை நிதானம் வேணுமே, எனக்கு வராது” என்பதுதான். பல வருடமாக இந்த இயந்திரத்தில் மரச் சித்திரங்கள் அறுத்துக்கொண்டிருக்கிற எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கோடு விலகுவதற்கும், மரம் கருகுவதற்கும், பிளேடு படாரென்று அறுந்து போவதற்கும் கை காரணமாக இருப்பது குறைவு. பிளேடின் அளவு, அதன் விறைப்பு, மேசையின் கோணம், அறுக்கும் வரிசை என்று நான்கு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்று சரியாக அமைந்திருக்காது. நான்குமே யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளக்கூடியவை. அதனால் தொடங்கத் தயங்குகிறவர்களுக்கும், தொடங்கிவிட்டு ‘நமக்கு ராசியில்லை’ என்று இயந்திரத்தை மூடி வைத்துவிட்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளேடு ஒன்று விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கும். தையல் மெஷினில் துணியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, பிளேடு இருந்த இடத்திலேயே மேலும் கீழும் ஓட, நாம் மரத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையின் நடுவில் ஒரு துளை போட்டு, பிளேடை ஒரு பக்கம் கழற்றி அந்தத் துளைக்குள் நுழைத்து மறுபடி மாட்டிவிட்டால், ஓரத்தை வெட்டாமலேயே உள்ளே இருக்கிற வடிவத்தை மட்டும் அறுத்து எடுக்கலாம். ஜாலி எனப்படும் வலை மாதிரித் துவார வேலைப்பாடு, மரத்தில் உருவப்படம், பெயர்ப்பலகை, புதிர்ப் பலகை, பொம்மை என எல்லாமே இந்த ஒரு வசதியிலிருந்து பிறந்தவைதான்.

இயந்திரம் வாங்குவதைப் பற்றி நிறையப் பேச எனக்கு விருப்பமில்லை. பிளேடிலிருந்து பின்பக்கத் தூண் வரை உள்ள இடைவெளி பொதுவாக 16 அங்குலத்திலிருந்து 21 அங்குலம் வரை கிடைக்கிறது. வீட்டில் செய்கிற அலங்கார வேலைக்கு 16 தாராளம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி கட்டாயம் வேண்டும். பிளேடு ஒரு தடவை மேலும் கீழும் போய்வருவது ஒரு வீச்சு. நிமிடத்துக்கு 400 வீச்சு முதல் 1,600 வரை மாற்ற முடிந்தால் போதும். இன்னொன்று, முனையில் குறுக்கு ஊசி உள்ள பிளேடு மட்டுமே ஏற்கும் இயந்திரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த ஊசி நுழைய வேண்டுமானால் துளையைப் பெரிதாகப் போட வேண்டும். பெரிய துளை போட்டால் நுணுக்க வேலைக்கு இடம் எங்கே? ஊசியில்லாத, 5 அங்குலத் தட்டை முனை பிளேடைக் கவ்வுகிற இயந்திரமாகப் பார்த்து எடுங்கள். அதை வைக்கும் மேசை கனமாக இருக்கட்டும், போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். இயந்திரம் அதிர்ந்தால் வெட்டும் அதிரும்.

இனி பிளேடுக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இங்கே தீர்ந்துவிடும்.

பிளேடுகளுக்கு எண் உண்டு. எண் சிறியதாக இருந்தால் பிளேடு மெல்லியது, பெரியதானால் தடித்தது. ‘2/0’ என்று எழுதியிருப்பது 1-ஐ விட மெல்லியது. 3 மி.மீ. பிளைவுட்டுக்கு 1 அல்லது அதற்கும் கீழே, 6 மி.மீ. பலகைக்கு 3, அரை அங்குலத்துக்கு 5, முக்கால் அங்குலக் கெட்டி மரத்துக்கு 7 என்று ஆரம்பியுங்கள். அப்புறம் உங்கள் மரத்துக்கும் இயந்திரத்துக்கும் ஏற்றபடி ஒரு எண் மேலே கீழே போகலாம். புதியவர்கள் நுணுக்கமான டிசைனைப் பார்த்ததும் இருப்பதிலேயே மெல்லிய பிளேடை எடுத்துவிடுவார்கள். தடித்த மரத்தில் மெல்லிய பிளேடு வளையும், சூடேறும், அறும். மெல்லிய பலகையில் தடித்த பிளேடு மரத்தைக் கவ்விக்கொண்டு துள்ளும். எந்த நேரத்திலும் இரண்டு மூன்று பற்களாவது மரத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் தேர்வு சுலபமாகிவிடும்.

பல்லின் அமைப்பிலும் வகைகள் உண்டு. ஒரு பல் விட்டு ஒரு பல் உள்ள பிளேடு தூளை நன்றாக வெளியே தள்ளும், அதனால் சூடு குறைவு. கீழ்முனையில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் தலைகீழ்ப் பல் பிளேடுதான் நான் அதிகம் பயன்படுத்துவது. சாதாரணப் பற்கள் மரத்தைக் கீழே இழுத்து வெட்டும்போது பலகையின் அடிப்பக்கம் சிலும்பி நிற்கும். இந்தத் தலைகீழ்ப் பற்கள் மேலே ஏறும்போது அந்தப் பிசிறை வழித்துவிடும். ஆனால் மாட்டும் விதத்தில் கவனம் தேவை. இயந்திரத்தின் கை உச்சிக்குப் போன நிலையில் மேசைக்கு மேலே இரண்டு மூன்று தலைகீழ்ப் பற்கள் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் அவை மரத்தைத் தொடவே இல்லை என்று பொருள். நிறையத் தெரிந்தால் பலகையைத் தூக்கித் தூக்கி அடிக்கும். முறுக்குப் பிளேடு என்று சுற்றிலும் பல்லுள்ள ஒரு வகையும் உண்டு. மரத்தைத் திருப்பாமலேயே எல்லாத் திசையிலும் வெட்டலாம். பிளேடுக்கும் பின்பக்கத் தூணுக்கும் நடுவே திருப்ப முடியாத பெரிய பலகைக்கும், நுண்ணிய உருவப்படங்களுக்கும் அது உதவும். ஆனால் வெட்டு அகலமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். நேர்க்கோடும் சீரான வளைவும் அதில் வருவது கடினம் என்பதால் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது இதில் உட்கார ஆசைப்பட்டாள். ஒரு வீணான பிளைவுட் துண்டைக் கொடுத்து, நேர்க்கோடு போட்டு அறுக்கச் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும், “சித்தி, நான் நேராத்தான் தள்ளுறேன், இது தானா வலது பக்கம் ஓடுது” என்றாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எஃகுப் பட்டையில் பல் வெட்டும்போது ஒரு பக்க விளிம்பில் மெல்லிய பிசிறு தங்கிவிடும். அந்தப் பக்கம் மற்றதைவிடக் கூர்மையாக வெட்டும். பெரும்பாலான பிளேடுகளில் அது வலப்பக்கமாக அமைவதால் வெட்டு அந்தப் பக்கம் இழுக்கும். “ஓடட்டும், அதோட மல்லுக்கட்டாதே. பலகையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சுத் தள்ளிப் பாரு” என்றேன். இரண்டு மூன்று தரம் பலகையின் கோணத்தை மாற்றிப் பார்த்தவளுக்கு ஓரிடத்தில் கோடு தானாக வந்து பிளேடில் பொருந்தியது. அந்தச் சில டிகிரிச் சாய்வுதான் அந்தப் பிளேடுக்கு ‘நேர்’. புது பாக்கெட் பிரிக்கும்போதெல்லாம் ஒரு துண்டில் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது என் வழக்கம். சிலர் பலகையை ஒரு பக்கமாக அழுத்தி அழுத்தியே கோட்டில் நிறுத்தப் பார்ப்பார்கள். பிளேடு பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும், தோள் வலிக்கும், கடைசியில் பழி கைமேல் விழும்.

விறைப்புக்கு என்னிடம் இருக்கிற சோதனைகள் இரண்டு. இயந்திரத்தை நிறுத்திவிட்டு பிளேடின் பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. விரலால் சுண்டினால் ‘டொக்’ என்ற செத்த சத்தம் இல்லாமல் தெளிவான ஒலி கேட்க வேண்டும். கொஞ்ச நாளில் காதுக்கே பழகிவிடும். தளர்ந்த பிளேடு செய்கிற கெடுதல் மேலே பார்த்தால் தெரியாது, அதுதான் சிக்கல். மேல்பக்கம் பிளேடு கோட்டிலேயே போய்க்கொண்டிருக்கும். மரத்துக்குள் அதன் வயிறு பிதுங்கி, அடிப்பக்கம் வேறு வழியில் போயிருக்கும். அறுத்த துண்டு ஒரு பக்கமாக மட்டும்தான் கழன்று வரும். புதிர்ப் பலகை செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. விறைப்பு சரியாக இருந்தும் பிளேடு கவ்வியிலிருந்து நழுவினால், புதுப் பிளேடில் பூசியிருக்கும் எண்ணெய் காரணமாக இருக்கலாம். இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டுங்கள், பிடித்துக்கொள்ளும்.

பிளேடு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கெட்டி மரத்தில் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் பற்கள் மழுங்கிவிடும். தள்ள வேண்டிய அழுத்தம் கூடிக்கொண்டே போனால், வெட்டின ஓரம் பழுப்பேறினால், நேராகப் போனது அலையத் தொடங்கினால், பிளேடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அறுந்தால்தான் மாற்றுவேன் என்று காத்திருந்தால் அதற்குள் டிசைனின் முக்கியமான இடம் ஒன்று போயிருக்கும். மெல்லிய பலகை அறுப்பவர்கள் ஒன்று செய்யலாம். பிளேடின் கீழ்ப்பகுதிப் பற்கள் மட்டுமே தேய்ந்து, மேலே புதிதாகவே இருக்கும். மேசைமேல் ஒரு பிளைவுட் துண்டை டேப்பால் ஒட்டி உயரத்தைக் கூட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். தலைகீழ்ப் பற்களின் பயன் மட்டும் அப்போது கிடைக்காது.

மேசைக் கோணத்துக்கு, மேசையின் அடியில் இருக்கும் டிகிரி அளவுகோலை நம்பாதீர்கள். ஒன்றரை அங்குலத் தடிமனில் ஒரு கட்டையை எடுங்கள். முன்பக்கமாகச் சில மில்லிமீட்டர் ஆழம் வெட்டிவிட்டு நிறுத்துங்கள். கட்டையை வெளியே எடுத்து, அப்படியே பிளேடின் முதுகுப் பக்கம் கொண்டுபோய், வெட்டின தடத்துக்குள் பிளேடின் முதுகு நுழைகிறதா என்று பாருங்கள். எங்கும் தட்டாமல் நுழைந்தால் மேசை சரியாக 90 டிகிரியில் இருக்கிறது. மேலே நுழைந்து கீழே இடித்தால் சாய்ந்திருக்கிறது, சரிசெய்து மறுபடி வெட்டிப் பாருங்கள். எந்த மூலைமட்டமும் தேவையில்லாத இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

டிசைனை மரத்தில் ஒட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. உப்புத்தாள் வேலையை அறுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். 120-ஆம் எண் தாளில் தொடங்கி 220-ஆம் எண் வரை தேய்த்துத் துடைத்த பலகையில், எளிதில் உரிந்து வருகிற பெயின்டர் டேப்பை முழுக்க ஒட்ட வேண்டும். டிசைன் அச்சிட்ட தாளை ஸ்பிரே பசையால் அந்த டேப்பின் மேல் ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே பார்சல் கட்டுகிற ஒளிபுகும் டேப். வேலை முடிந்ததும் மொத்தமும் ஒரே உரிப்பில் வந்துவிடும், பசைக்கறை மரத்தில் இருக்காது. மேலே ஒட்டுகிற பார்சல் டேப் வெறும் பாதுகாப்புக்கு மட்டும் இல்லை. அதன் பூச்சு பிளேடுக்கு உராய்வைக் குறைப்பதால் மேப்பிள், செர்ரி மாதிரி சட்டென்று கருகுகிற மரங்களிலும் ஓரம் சுத்தமாக வரும்.

துளை போடும்போது அடியில் ஒரு வீண் பலகை வையுங்கள். பிளேடு நுழைகிற அளவைவிட ஒரு மயிரிழை பெரிய பிட் போதும், நுணுக்க வேலைக்கு 1 மி.மீ. பிட்டே சரியாக இருக்கும். துளையைக் கோட்டின்மேல் போடாமல், கழிவாகப் போகும் பகுதியில், ஒரு மூலைக்குப் பக்கத்தில் போடுங்கள். எல்லாத் துளையும் போட்ட பிறகு பலகையைத் திருப்பி அடிப்பக்கம் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். துளை ஓரத்தில் நிற்கும் பிசிறு மேசையில் தட்டிக்கொண்டே இருந்தால் பலகை சீராக நகராது.

அறுக்கும் வரிசை என்பது இந்தக் கலையின் உயிர்நாடி என்றே சொல்வேன். ஒவ்வொரு வெட்டுக்கும் பலகை கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கிறது. அதனால் நுணுக்கமானதைப் பலகை திடமாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நடுவில் இருக்கிற சிறிய துவாரங்கள் முதலில், அங்கிருந்து வெளியே, பெரிய துவாரங்கள் பிறகு, வெளிக்கோடு கடைசி. ஒரு கொடியின் மெல்லிய தண்டு இரண்டு பெரிய துவாரங்களுக்கு நடுவே போகிறது என்றால் இரண்டையும் அடுத்தடுத்து வெட்டாதீர்கள். ஒன்றை வெட்டிவிட்டு, மற்றதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள். வெட்டி விழுந்த கழிவுத் துண்டை நான் உடனே எறிவதில்லை. தண்டு மெலிந்து நிற்கும் இடத்தில் அந்தத் துண்டையே திரும்பச் செருகி, மேலே ஒரு டேப் ஒட்டிவிடுவேன். பக்கத்து வெட்டு நடக்கும்போது அது முட்டுக் கொடுத்து நிற்கும். பலகையை அழுத்துகிற விரலின் பாரத்தில்தான் நிறையத் தண்டுகள் முறிகின்றன, இந்த முட்டு அதைத் தாங்கிக்கொள்ளும்.

புதியவர்கள் மிகவும் பயப்படுவது கூர்மூலைகளுக்கு. ஒரு இலை நுனியை எடுத்துக்கொள்வோம். கோடு வழியே நுனி வரை வந்ததும் தள்ளுவதை நிறுத்துங்கள், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பலகையை ஒரு இழை பின்னுக்கு இழுத்தால் பற்கள் மரத்தை விட்டு விலகி, பிளேடின் மழுங்கிய முதுகு மரத்தைத் தொடும். அந்த முதுகை மட்டும் லேசாக ஒட்டவைத்துக்கொண்டு பலகையைச் சட்டென்று சுழற்றுங்கள். மெதுவாகத் திருப்பினால் பற்கள் அங்கேயே அரித்து மூலை உருண்டுவிடும். அடுத்த கோடு பிளேடுக்கு நேராக வந்ததும் மறுபடி முன்னே தள்ளுங்கள். இந்தத் திருப்பத்துக்குப் பிளேடின் தடிமன் அளவுக்குக் கொஞ்சம் இடம் தேவை, அதனால் மெல்லிய பிளேடில் மூலை இன்னும் கூராக வரும். இது வசப்படும்வரை வேறொரு சுலப வழி உண்டு. ஒரு பக்கமாக மூலை வரை வெட்டி, வந்த வழியே பின்வாங்கி, கழிவுப் பகுதிக்குள்ளே ஒரு வளைவு போட்டு அடுத்த கோட்டைப் பிடித்து மேலே போங்கள். கழிவு விழுந்ததும் மிச்சமிருக்கும் சிறு முக்கோணத்தை எதிர்ப்பக்கமிருந்து வந்து எடுத்துவிடலாம். கூர்மை வெளிப்பக்கம் நிற்கும் மூலையானால் இன்னும் சுலபம். மூலையைத் தாண்டிக் கழிவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தால் போதும்.

கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தாளை உரித்த பிறகு கோடு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது வளைவின் ஓட்டம் மட்டும்தான். கோட்டைவிட்டு அரை மில்லிமீட்டர் விலகினால் உடனே வெட்டித் திரும்பாதீர்கள், அந்த வெடுக்கென்ற திருப்பம்தான் மேடு பள்ளமாகத் தெரியும். விலகின இடத்திலிருந்து நீளமாக, நிதானமாகக் கோட்டுக்குத் திரும்பி வாருங்கள். நேர்க்கோடு, வட்டம், எழுத்து, கண், உதடு ஆகியவற்றில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே சிறிய விலகலும் கண்ணை உறுத்தும். பார்வையையும் பல்லுக்கு நேராக வைக்காமல் அதற்குச் சற்று முன்னால், வரப்போகிற கோட்டில் வையுங்கள்.

மரத்தில் பழக ஆரம்பிக்கிறவர்களுக்கு நல்ல பிர்ச் பிளைவுட்டைச் சொல்வேன். பல மெல்லிய அடுக்குகள் மாறி மாறிக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் எந்தத் திசையில் மெல்லியதாக வெட்டினாலும் தாங்கும். மலிவான பிளைவுட்டில் உள்ளே பொந்து இருக்கும், வெட்டும்போது ஓரத்தில் அது பல்லிளிக்கும். பைன் மரம் மிருதுவானதுதான், ஆனாலும் முதல் வேலைக்கு ஏற்றதில்லை. அதன் ரேகைகள் ஒன்று கெட்டி, ஒன்று மிருது என்று மாறி மாறி வருவதால் பிளேடு மிருதுவான பக்கம் சரியும். தேக்கு அறுக்க சுகமாக இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் அதில் சிலிக்கா இருப்பதால் பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும், கைவசம் நிறைய பிளேடு வைத்துக்கொண்டு உட்காருங்கள். முழு மரத்தில் ரேகையின் திசையைக் கவனிக்காமல் டிசைனை ஒட்டவே கூடாது. பறவையின் கால், பூவின் காம்பு மாதிரி மெல்லிய நீளமான உறுப்புகள் ரேகையோடு ஓட வேண்டும். குறுக்கே அமைந்தால் துடைக்கும் துணி பட்டாலே முறியும்.

ஒரே வடிவம் பல வேண்டுமானால் 3 மி.மீ. பலகை ஆறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களை டேப்பால் சுற்றி ஒரே வெட்டில் எடுத்துவிடலாம். 18 மி.மீ. கட்டையில் பிளேடு நிதானமாக ஓடுவதால் தனிப் பலகையில் வருவதைவிட வெட்டு சுத்தமாகவும் இருக்கும். அடுக்கி அறுக்கும் இந்த யோசனை மிகப் பழையது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு அறைகலன்கள் செய்த ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் சேர்த்து அடுக்கிக் கையால் அறுத்து, ஒன்றிலிருந்து வந்த வடிவத்தை மற்றதன் துவாரத்தில் பதித்தார். ஒரே அறுப்பில் ஆமையோட்டில் பித்தளை, பித்தளையில் ஆமையோடு என ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு பலகைகள் கிடைத்தன. இரண்டு நிற மரங்களை அடுக்கி அறுத்து மாற்றிப் பதித்துப் பாருங்கள், அந்த மகிழ்ச்சி உங்களுக்கும் கிடைக்கும்.

இதில் பிளேடின் தடம் அளவுக்கு ஒரு சந்து தெரியும். அது தெரியாமல் இறுக்கமாகப் பதிய வேண்டுமானால் மேசையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். பலகைகள் ஒவ்வொன்றும் 6 மி.மீ. தடிமன், பிளேடின் தடம் 0.3 மி.மீ. என்றால் ஏறக்குறைய 3 டிகிரி சரியாக வரும். பலகை மெலிதானால் சாய்வு கூட வேண்டும். சாய்ந்த மேசையில் வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றி அறுக்கிறோம் என்பது முக்கியம். ஒரு பக்கமாகச் சுற்றினால் மேல்துண்டு கீழ்த்துவாரத்தில் தக்கையாக அடைத்து நிற்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் தொளதொளவென்று விழுந்துவிடும். அதே மரங்களின் துண்டுகளில் சிறு வட்டம் ஒன்று அறுத்துப் பார்த்துவிட்டு, பாதையிலிருந்து மாறாமல் ஒரே திசையில் முழு டிசைனையும் அறுக்க வேண்டும்.

புதிர்ப் பலகை குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், விறைப்பையும் மேசைக் கோணத்தையும் சோதிக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்து, பூகோளம் கற்கும் விளையாட்டுப் பொருளாக விற்றார். அவருடையதில் பெரும்பாலும் எல்லைக்கோடே துண்டின் ஓரம். இன்று நாம் செய்வது கொக்கி போட்டுக் கோர்த்துக்கொள்கிற துண்டுகள். கொக்கியின் கழுத்து குறுகலாகவும் தலை அகலமாகவும் இருக்க வேண்டும், கழுத்து மிகவும் மெலிந்தால் ரேகை வழியே உடையும்.

தமிழில் பெயர்ப்பலகை அறுப்பதற்குத் தனியாக ஒரு குறிப்பு தேவை. க, ண, ன போன்ற எழுத்துகளில் மூடிய சுழி உண்டு. எழுத்தைத் துவாரமாக வெட்டி எடுத்தால் அந்தச் சுழிக்குள் இருக்கும் மரம் எதிலும் ஒட்டாமல் கீழே விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள எழுத்தின் குறுக்கே மெல்லிய பாலம் விட்டு டிசைன் வரைய வேண்டும். எழுத்தையே தனி உருவமாக அறுத்து எடுத்தால் சுழிக்குப் பிரச்சினை இல்லை, புள்ளிக்குத்தான். மெய்யெழுத்தின் புள்ளி அந்தரத்தில் நிற்கும். பின்னால் ஒரு பலகை கொடுத்து எழுத்தையும் புள்ளியையும் அதில் ஒட்டுவது எனக்குப் பிடித்த வழி. பின்பலகை வேண்டாம் என்றால் எழுத்துகளின் தலையை ஒட்டி ஒரு பட்டை ஓடவிட்டு, புள்ளிகளை அதிலிருந்து தொங்கவிடலாம். திரையில் பார்க்க அழகாக இருக்கும் மெல்லிய எழுத்துருவை எடுக்காதீர்கள். தடித்த, ஒரே பருமனுள்ள எழுத்துதான் மரத்தில் நிற்கும். கணினியில் வரைகிறவர்கள் வெள்ளைப் பகுதி ஒவ்வொன்றையும் வண்ணம் ஊற்றிப் பார்த்தால் எந்தத் துண்டு தனியாக மிதக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

இதற்கு மேலே போக விரும்புகிறவர்களுக்கு இன்டார்சியா இருக்கிறது. ஒரு பறவையின் இறகு, அலகு, வயிறு ஒவ்வொன்றையும் வெவ்வேறு நிற மரத்தில் அறுத்து, ஓரங்களை உருட்டி, ஒன்றாகச் சேர்ப்பது. இத்தாலியின் குப்பியோ நகர அரண்மனைக்காக ஏறக்குறைய 1478–82-ல் செய்யப்பட்ட ஒரு சிறு அறையின் சுவர்கள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திறந்த அலமாரிகள், புத்தகங்கள், இசைக்கருவிகள் எல்லாம் நிஜமாகவே உள்ளே இருப்பதாகக் கண் நம்பும், ஆனால் சுவர் தட்டையானது, எல்லாமே மரத்துண்டு. வால்நட்டும் ஓக்கும் பழமரங்களும் தத்தம் நிறத்தில் அங்கே ஓவியமாகியிருக்கின்றன. சாயம் பூசி நிறம் வரவழைப்பதைவிட, தேடித் தேடி மரத்தின் இயல்பான நிறத்தைச் சேர்ப்பதுதான் இந்த வேலையின் பேரின்பம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாதுகாப்பில், விரல்களைவிட நுரையீரலுக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம். பிளேடு சிறியது என்பதால் தூளும் பவுடராகப் பறக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. துணியைக் கட்டிக்கொள்வது போதாது, என்-95 தரத்தில் முகக்கவசமும் மேசைக்கடியில் தூளை உறிஞ்சும் குழாயும் வைத்துக்கொள்ளுங்கள். ரோஸ்வுட் இனங்களின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும். கண்ணாடி அணியுங்கள், துப்பட்டாவையும் வளையலையும் கழற்றி வையுங்கள், கூந்தலை இறுக்கிக் கட்டுங்கள். விரல்கள் பிளேடின் இரு பக்கமும் இருக்கலாம், அதன் நேர் எதிரே ஒருபோதும் கூடாது. உட்காரும்போது முழங்கை மேசை மட்டத்துக்கு வரட்டும். பலகையை விரல் வெளுக்கும்படி பிடித்திருந்தால் தோளைத் தளர்த்தி ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள். அறுக்க அந்தப் பலம் தேவையே இல்லை.

ஜாலி வேலைக்கு வார்னிஷை பிரஷ்ஷால் பூசினால் துவாரங்களில் எல்லாம் வழிந்து நிற்கும். ஒரு தட்டையான தட்டில் எண்ணெய் ஊற்றிப் பலகையை அப்படியே முக்கி எடுத்து, வடியவிட்டுத் துடைப்பதுதான் சுலபம். துவாரத்தின் உள்சுவர் வரை ஒரே சீராக நிறம் ஏறும். துடைத்த துணியில் மட்டும் மிகக் கவனம். ஆளி விதை எண்ணெய் காயும்போது வெப்பத்தை உண்டாக்கும். கசக்கிப் போட்ட துணிக் குவியலில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். ஒவ்வொரு துணியையும் வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

எண்ணெய் பூசுவதற்கு முன்பே, பலகையின் பின்பக்கம் பென்சிலால் மரத்தின் பெயரையும், தடிமனையும், பிளேடின் எண்ணையும், ஓட்டிய வேகத்தையும் எழுதிவைத்துவிடுங்கள். அடுத்த தடவை அதே மரம் கையில் கிடைக்கும்போது எந்தப் பாக்கெட்டைத் திறப்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.